பால் இல்லாத வீடு

நுவாக்‌ஷோத்
6 ஜூலை 2002

அன்புள்ள மூனினா அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கருணையால் நானும் பிள்ளைகளும் சுகம். இவர் செனகலில் கடையோடு இருக்கிறார், அவரும் சுகம் என்று சொல்லி அனுப்பினார். உன் தலைச்சூடு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் வடிந்ததா? மாடு கன்றுகள் நலமா?

இந்தக் கடிதத்தோடு மூத்தவள் ஸால்காவையும் அனுப்புகிறேன். கிஃபா வண்டி ஓட்டும் பாஹ் கூட்டி வருகிறான். நம் ஊர்க்காரன்தான், பயமில்லை. பதின்மூன்று வயது முடிந்துவிட்டது அக்கா, இன்னும் எலும்பும் தோலுமாகத் திரிகிறாள். தெருவில் பந்து விளையாடுகிறாள். போன வாரம் என் துணிக்கடைக்கு வந்த ஒருத்தி, "இந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் சீக்கா?" என்று என்னிடமே கேட்டாள். அன்று முழுக்க எனக்கு வியாபாரத்தில் மனம் ஓடவில்லை.

உனக்குத் தெரியாததா? நீ பஞ்சத்துக்கு முன்னால் பிறந்தவள். உனக்கு ஊட்டப் பால் இருந்தது. குடித்துப் பருத்து நீ நடந்து வந்தால் ஊரே எழுந்து வழிவிட்டது. என் முறை வந்தபோது மாடெல்லாம் செத்துக் கிடந்தது. என் கல்யாணத்தன்று மாமியார் என் கையைப் பிடித்துப் பார்த்து, அத்தனை பேர் முன்னால், "ஏம்மா, ஒங்க வீட்டுல பாலே இல்லையா?" என்று கேட்டாளே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. எல்லாரும் சிரித்தார்கள். வாப்பா தேநீர்க் கிளாஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மகள் கையைப் பிடித்து யாரும் அப்படிக் கேட்கக் கூடாது.

கிஃபாவில் இருக்கும் ஸெய்னெபு தன் மகனுக்கு ஸால்காவைக் கேட்டு ஆள் விட்டிருக்கிறாள். கல்யாணம் சில வருஷம் கழித்துத்தான். ஆனால் பெண்ணைப் பார்த்துப் பேசி வைக்க வேண்டுமாம். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் உன் வீட்டுக்கு வருவாள். அதற்குள் மழைக்காலப் பாலையெல்லாம் இவளுக்குள் இறக்கிவிடு. அழுவாள். அழுததை எனக்கு எழுதாதே, தேறினதை மட்டும் எழுது. சின்னவள் தெய்தாவை அடுத்த வருஷம் அனுப்புகிறேன்.

உன் துஆவை எதிர்பார்க்கும்
தங்கை தெஸ்லெம்


லெகெரான்
3 ஆகஸ்ட்

என் செல்லத் தங்கச்சி தெஸ்லெமுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம், மாடுகள் சுகம், மழையும் சுமாராகப் பெய்கிறது. என் தலைச்சூடும் சௌக்கியமாகத்தான் இருக்கிறது, வீட்டு ஆள் மாதிரி ஆகிவிட்டது. சுற்றி வரும் நர்ஸ் அதைப் பிரஷர் என்கிறார். கால் வீக்கம் கேட்டாய். என்னைக் கிணறு வரைக்கும் நடக்கச் சொல்வதைவிடக் கிணற்றை இங்கே வரச் சொல்வது சுலபம்.

உன் மகள் வந்து சேர்ந்தாள். வண்டியிலிருந்து இறங்கவில்லை தெஸ்லெம், குதித்தாள். அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

விடியலில் ஒரு மரக்கிண்ணம் பால். பிறகு நெய் ஊற்றிய கம்பங்களி. மதியம் திரும்பவும் பால். முதல் நாள் பாதிக் கிண்ணத்திலேயே நிறுத்தி, "பெரியம்மா, கன்னுக்குட்டிகூட நடுவுல மூச்சு விடும். எனக்கு அதுகூடக் கெடையாதா?" என்றாள். "கன்னுக்குட்டிக்கு யாரும் மாப்பிள்ளை பாக்கலடி, குடி" என்றேன். குடித்தாள். வாந்தி எடுத்தாள். வாந்தி எடுத்தால் அந்த அளவைத் திரும்பக் குடிக்க வேண்டும் என்பது உனக்குத் தெரியும். குடித்தாள். அழுததை எழுதாதே என்றாய், அதனால் எழுதவில்லை.

உம்மாவின் கால்விரல் குச்சிகள் இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. குடிக்க மறுத்தால் விரலை நடுவில் வைத்து நெரிப்பாரே, அவைதான். கூடாரக் கம்பில் தொங்கவிட்டிருக்கிறேன். அதைப் பார்த்ததும் குடித்துவிடுகிறாள். கை கொஞ்சம் உருண்டு வருகிறது. கவலையை விடு. தெய்தாவுக்கு என் முத்தம்.

உன் அக்கா
மூனினா


நுவாக்‌ஷோத்
10 செப்டம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். இங்கே எல்லாரும் நலம், தெய்தாவுக்கு மட்டும் சளி. உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன், கிணறு வரும் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒரு விஷயம். பாஹ் கடைக்கு வந்தான். "ஒங்க பொண்ணு ஆட்டுக்குட்டி பின்னாடி என்னா ஓட்டம் ஓடுது! நான் வண்டியில வந்தேன், அது என்னை முந்திடுச்சு" என்கிறான். அவனுக்கு அது வேடிக்கை. குடித்த பாலையெல்லாம் ஓடியே தீர்த்துவிட்டால் எங்கிருந்து சதை பிடிக்கும்? பாயில் உட்கார வை அக்கா. குச்சியைத் தொங்கவிட்டால் போதாது என்றால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பிள்ளைக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்.

உன் தங்கை
தெஸ்லெம்


லெகெரான்
20 அக்டோபர்

தங்கச்சிக்கு,

ஸலாம். தெய்தாவின் சளி போயிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு உடம்பு இருக்கிறபடி இருக்கிறது.

வலிக்காமல் குச்சியால் எப்படி நெரிப்பது என்று நீ எழுதவில்லையே.

ஒரு நாள் எடுத்தேன். அவள் காலை என் மடியில் வைத்தேன். சின்ன விரலைக் குச்சிகளுக்கு நடுவில் வைத்தேன். அவள் கத்தவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பெரியம்மா, ஒங்க சின்ன வெரல்ல ஏன் நகமே இல்ல?" என்று கேட்டாள். என்னால் முடியவில்லை தெஸ்லெம். குச்சிகளை அடுப்பில் போட்டுவிட்டேன். அன்று இரண்டு பேரும் சேர்ந்து தேநீர் குடித்தோம்.

அப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவள் பாலை மணலில் கொட்டி மூடுவாள். நான் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு யாரையாவது கூப்பிடுவேன். கை உருண்டு வருகிறது என்று எழுதினது உன் மனசுக்காக. இப்போது கொட்டுவதற்கும் பால் இல்லை. மழை சீக்கிரமே நின்றுவிட்டது, மாடுகளை மேய்ச்சலுக்குத் தெற்கே ஓட்டிப் போய்விட்டார்கள். மாடு திரும்புகிற வரைக்கும் ஒன்றும் செய்வதற்கில்லை. அவளைத் திருப்பி அனுப்பட்டுமா?

கோபப்படாதே.

மூனினா


நுவாக்‌ஷோத்
9 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். ரமலான் தொடங்கிவிட்டது, கடையில் மூச்சு விட நேரமில்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கோபமில்லை. நீ அடுப்பில் போட்டது நல்லதுதான் என்று ஒரு மனசு சொல்கிறது. ஆனால் ஸெய்னெபு வரத்தான் போகிறாள். பெண்ணை இப்படியே அவள் முன்னால் நிறுத்த முடியாது.

இங்கே இப்போது யாரும் பால் ஊட்டுவதில்லை அக்கா. அடிக்கவும் வேண்டாம், நெரிக்கவும் வேண்டாம். மாத்திரை வந்துவிட்டது. பாஹ் கையில் ஒரு பை கொடுத்திருக்கிறேன். காலையில் ஒன்று, படுக்கும்போது ஒன்று. பசி தானாக வருமாம், முகமும் கையும் நிறையுமாம். என் பக்கத்துக் கடைக்காரியின் மகள் இரண்டே மாதத்தில் ஆளே மாறிவிட்டாள். வெறும் சத்து மாத்திரைதான். பிள்ளை அழ வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

உன் தங்கை
தெஸ்லெம்


லெகெரான்
22 டிசம்பர்

என் தங்கச்சிக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். நோன்புப் பெருநாள் நன்றாக நடந்தது. நீ அனுப்பிய துணியைக் கட்டிக்கொண்டேன், எல்லாரும் விலை கேட்டார்கள்.

அந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவனுக்கு அல்லாஹ் நூறு வயசு கொடுக்கட்டும். ஒரு வாய் தண்ணீர், முடிந்தது வேலை. கம்பங்களியை அவளே கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள், பக்கத்துக் கூடாரத்தில் ஆக்கினால் அங்கேயும் போய் உட்காருகிறாள். முகம் முழு நிலா மாதிரி ஆகிவிட்டது. எனக்கு இது மட்டும் அப்போது கிடைத்திருந்தால் என் விரல் நகம் பிழைத்திருக்கும்.

பாஹ் பையைக் கொடுக்கும்போது, "ஆட்டுச் சந்தையில பெருநாளுக்கு முன்னாடி கெடாவுக்கு இதைத்தான் குடுக்கறாங்க" என்று சொல்லிச் சிரித்தான். "போடா, ஒனக்கு எல்லாமே கேலி" என்று துரத்திவிட்டேன். கேலிதானே?

தலைவலி என்று இரண்டொரு நாள் படுத்தாள். வளருகிற உடம்பு, சூடு இருக்கும். கீழே அவளே எழுதுகிறேன் என்கிறாள், இடம் விட்டிருக்கிறேன்.

மூனினா

உம்மா, ஸலாம். நான் நல்லா இருக்கேன். நீ வரும்போது ரெண்டு ஆள் அகலத்துக்குத் துணி கொண்டு வா, பழசு எதுவும் சேரலை. இப்ப ஆட்டுக்குட்டிதான் என்னை முந்துது. காலையில எந்திரிச்சா தலை டமாரம் அடிக்குது. தெய்தாகிட்ட என் பந்தைத் தொடக் கூடாதுன்னு சொல்லு. ஸால்கா.


நுவாக்‌ஷோத்
14 ஜனவரி 2003

அன்புள்ள அக்காவுக்கு,

ஸலாம். எல்லாரும் நலம். இங்கே மணல்காற்று, கடை முழுக்கத் தூசி.

நிலா மாதிரி என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். ஸெய்னெபு ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த முதல் வாரம் வருகிறாள். இன்னொரு பை அனுப்பியிருக்கிறேன். இனிமேல் காலையில் இரண்டு, படுக்கும்போது இரண்டு கொடு, ஒரு மாதம்தானே.

தலைவலி எல்லாப் பெண்ணுக்கும் வருவதுதான். நெற்றியில் ஈரத்துணி போடு. பந்து பத்திரமாக இருக்கிறது என்று சொல்.

தெஸ்லெம்


லெகெரான்
24 பிப்ரவரி

தெஸ்லெமுக்கு,

ஸலாம். அல்ஹம்துலில்லாஹ். உன் மகள் உன் தலையை நிமிர்த்திவிட்டாள்.

ஸெய்னெபு மூன்று பெண்களோடு வந்தாள். ஸால்காவைப் பாயில் உட்கார வைத்திருந்தேன். எழுந்திருக்க என் தோளைப் பிடித்தாள், அதையே அவர்கள் மெச்சினார்கள். ஸெய்னெபு அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் தெரியுமா? "ஒந் தங்கச்சி வீட்டுல பால் பொங்கி வழியுது போலருக்கே!" நீ கேட்க வேண்டும் என்றுதான் அதை அப்படியே எழுதுகிறேன். மேலே ஒரு புதுத்துணியைப் போர்த்திவிட்டுப் பேச்சை முடித்துக்கொண்டு போனாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் நர்ஸ் வந்திருந்தார். எனக்குப் பிரஷர் பார்த்தார், வழக்கம்போலத் திட்டினார். ஸால்கா வேடிக்கைக்குக் கையை நீட்டினாள், அவளுக்கும் பார்த்தார்.

வேறு விசேஷம் இல்லை. மாடுகள் இன்னும் வரவில்லை.

மூனினா


நுவாக்‌ஷோத்
6 ஏப்ரல்

அக்காவுக்கு,

ஸலாம். உன் உடம்பு சுகமா? மார்ச்சில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. ஸெய்னெபு சொன்னதைப் பக்கத்துக் கடை, எதிர்க்கடை எல்லாருக்கும் சொன்னேன், உனக்குத்தான் என் சந்தோஷத்தை நேரில் சொல்ல முடியவில்லை. ஸால்காவுக்கு நீலத்தில் ஒரு மெலஃபாத் துணி எடுத்து வைத்திருக்கிறேன், எத்தனை சுற்று சுற்றினாலும் போதும் அளவுக்கு.

பாஹைக் கேட்டேன். "கடுதாசி குடுக்க யாரும் ரோட்டுக்கு வரலைக்கா" என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அப்புறம் டயரைப் பார்க்கப் போய்விட்டான்.

ஏன் எழுதவில்லை? இரண்டு வரி போதும்.

தெஸ்லெம்


லெகெரான்
18 மே

தங்கச்சிக்கு,

ஸலாம். நீ ஸால்காவைக் கூட்டிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தாய் என்று பாஹ் சொன்னான். அவள் வழியில் சாப்பிட்டாளா? இரவில் தூங்குகிறாளா?

கிஃபா ஆஸ்பத்திரி வராந்தாவில் நீயும் நானும் ஒரே பாயில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தோம். நீ ஒன்றும் கேட்கவில்லை, நான் ஒன்றும் சொல்லவில்லை. யாராவது முதலில் வாயைத் திறந்திருந்தால் ஊர் கூடியிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

உன் மூன்று கடிதமும் வந்தன. ஸெய்னெபு போன மறுவாரத்திலிருந்து ஸால்காவுக்கு மூக்கில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நின்றதும் எழுதலாம் என்று இருந்தேன். நிற்கவில்லை. பிறகு கண் மங்குகிறது என்றாள், அது சரியானதும் எழுதலாம் என்று இருந்தேன். ஒரு காலையில் கிண்ணத்தை வாங்கக் கையை நீட்டினாள். கிண்ணம் கீழே விழுந்தது. "என்னடி, இன்னும் பாலைக் கொட்டற வித்தையை விடலையா?" என்று கேலி செய்தேன். அவள் ஏதோ சொல்ல வந்தாள், வாய் ஒரு பக்கமாகப் போனது. அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். வண்டி, ஆஸ்பத்திரி, உன் தெருக் கடைக்குப் போட்ட போன். பிரஷர் ஏறி மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்று டாக்டர் சொன்னபோது நீ பக்கத்தில் இருந்தாய்.

உனக்குத் தெரியாதது இது. பிப்ரவரியில் நர்ஸ் அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். கழற்றித் திரும்பவும் சுற்றினார். மற்ற கையிலும் சுற்றினார். "மூனினா, இந்தப் பிள்ளைக்கு ஒங்களைவிட ஜாஸ்தி இருக்கு. இந்த வயசுல இது வரவே கூடாது. என்ன குடுக்கறீங்க?" என்று கேட்டார். மாத்திரைப் பை என் தலையணைக்கு அடியில் இருந்தது. ஸெய்னெபு வர இரண்டு நாள்தான் இருந்தது. "பால்தான், வேற என்ன" என்றேன். "உடனே கிஃபாவுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். சரி என்றேன். ஸால்கா அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அவளும் மாத்திரையைப் பற்றிச் சொல்லவில்லை. நான் பாலை மணலில் கொட்ட விட்டதற்கு நன்றியாகவோ என்னவோ, என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை.

குச்சியை அடுப்பில் போட்ட நாளிலிருந்து நான் ரொம்ப நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் தெஸ்லெம். குச்சி எனக்கு ஒரு நகத்தைத்தான் எடுத்தது.

டாக்டர் அந்த மாத்திரை எங்கே வாங்கியது என்று இரண்டு தடவை கேட்டார். நீ சந்தை என்று மட்டும் சொன்னாய். எந்தச் சந்தை?

மூனினா


நுவாக்‌ஷோத்
17 ஆகஸ்ட்

மூனினா அக்காவுக்கு,

ஸலாம். உன் கடிதம் வந்து மூன்று மாதம் ஆகப் போகிறது. பலமுறை காகிதத்தை எடுத்து வைத்தேன், உன் தலைச்சூடு எப்படி என்று எழுதியதோடு நின்றுவிட்டது. எப்படி இருக்கிறது? நர்ஸ் கொடுத்த மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? இந்த முறை சும்மா கேட்கவில்லை, சாப்பிடு.

ஆட்டுச் சந்தைதான். பாஹ் கேலி செய்யவில்லை. பெருநாளுக்கு விற்க நிற்கும் கெடாக்களைக் காட்டி விற்றவன் சொன்னான், "இருபது நாள்ல பாருங்க, எப்படிக் கொழுத்துருச்சு." நான் கண்ணால் பார்த்துத்தான் வாங்கினேன். கேலிதானே என்று நீ கேட்டு எழுதினாய், நான் பதில் சொல்லாமல் இன்னொரு பை அனுப்பினேன். ஒரு கெடா பெருநாள் வரைக்கும் உயிரோடு இருந்தால் போதும். அந்த மாத்திரைக்கு அதற்குமேல் வேலையில்லை. இது எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். நீ நர்ஸிடம் பால் என்றாய், நான் உன்னிடம் சத்து மாத்திரை என்றேன். உன்மேல் கோபம் இருக்கிறது. அதைவிடப் பெரியது என்மேல் இருக்கிறது, அதனால் உன்னுடையதை எடுத்துப் பார்க்க நேரம் வருவதில்லை.

ஸால்கா நடக்கிறாள், சுவரைப் பிடித்துக்கொண்டு. வலது கை இன்னும் வரவில்லை. பேச்சு திரும்பிவிட்டது, களைத்தால் குழறும். பிரஷருக்குத் தினமும் மூன்று மாத்திரை, எப்போது நிறுத்தலாம் என்று கேட்டால் டாக்டர் வேறு பேச்சு பேசுகிறார். பதினாலு வயசு அக்கா. மாலையில் தெய்தா பந்தை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடும்போது இவள் வாசலில் பாயில் உட்கார்ந்து, "இன்னும் வேகமா ஓடுடி, நொண்டி!" என்று கத்துகிறாள். எனக்கு உள்ளே போய்விட வேண்டும் போலிருக்கும், போகாமல் நிற்கிறேன். உனக்கு இடது கையால் எழுதிப் பழகுகிறாள். "பெரியம்மாகிட்ட நான் வெசனப்படலைன்னு எழுதணும், அந்த எழுத்துதான் கஷ்டமா இருக்கு" என்றாள்.

போன வாரம் ஸெய்னெபு கடைக்கு வந்தாள். ஸால்கா பேச்சை எடுக்கவே இல்லை, அவளுக்கு அல்லாஹ் சுகம் கொடுக்கட்டும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். துணியைப் புரட்டிக்கொண்டே, "மழை இந்த வருஷம் நல்லா பெய்யுதாமே. சின்னவளை எப்ப மூனினாகிட்ட அனுப்பப் போற?" என்றாள். தெய்தா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையைப் பிடித்துப் பார்த்தாள் ஸெய்னெபு. அதே மாதிரி, என் கையை அன்றைக்கு மாமியார் பிடித்த மாதிரியே. "என்ன தெஸ்லெம் இது, சுள்ளியாட்டம் இருக்கா?" என்றாள்.

பக்கத்துக் கடைக்காரி எட்டிப் பார்த்தாள். துணி வாங்க வந்தவர்களும் நின்றார்கள். துணிக்கட்டுகளுக்குப் பின்னால் ஸால்கா உட்கார்ந்திருந்தாள், அவளுக்கும் கேட்கட்டும் என்று நான் சத்தமாகவே சொன்னேன்.

"எங்க வீட்டுல பால் இல்ல, ஸெய்னெபு."

உன் தங்கை
தெஸ்லெம்